ரயில் கூவினப்புறம் வா

"ஏம்மா இம்புட்டு வெள்ளன வந்துட்ட?"

ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டேன் என்று என் மகள் கேட்டுச் சில மாதங்கள் ஆகிவிட்டன. நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நான்கு வயதுப் பிள்ளை கேட்டது, அதை அவளே மறந்திருப்பாள் என்று என் கணவர் சொல்கிறார். மறந்திருக்கலாம். எனக்குத்தான் கறி தாளிக்கும்போதும் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைத் துடைக்கும்போதும் அந்தக் கேள்வி வந்து நிற்கிறது. நடந்ததை முதலிலிருந்து எழுதிப் பார்த்தால் பதில் கிடைக்குமோ என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் இருப்பது இலங்கை மலையகத்தில், நானுஓயாவில். ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறும் பாதையில், ஒரு பலசரக்குக் கடைக்குப் பின்னால் உள்ள வாடகை வீடு. நான் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர். சிறு பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பற்றி இங்கிலாந்தில் ஒரு வருடம் படிப்பதற்கு உதவித்தொகை இருப்பதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். விண்ணப்பித்த அன்றே பயம் பிடித்துக்கொண்டது. கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்பது பாதிப் பயம். கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்பது மீதி. அந்தப் பணத்தில் நான் மட்டும்தான் போகலாம். பிள்ளையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

"நான் பாத்துக்க மாட்டேனா?" என்றார் கணவர். "ஒரு வருசந்தானே. சோத்துல கொஞ்சம் உப்பு கூடும், அம்புட்டுத்தான்."

அவருக்கு எல்லாமே அம்புட்டுத்தான்.

அந்த நேரத்தில்தான் எங்கள் முன்னறையை வாடகைக்குக் கேட்டார்கள். வரப்போவது ஓர் அமெரிக்க மாணவி. அமெரிக்காவில் பிறந்தவள், இங்கிலாந்தில் படிக்கிறாள், எங்கள் தோட்டங்களின் பிள்ளைக்காம்பராக்களைப் பார்க்க வருகிறாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளையும் சிறு பிள்ளைகளையும் விட்டுச் செல்லும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. கணவரைக் கேட்காமலே சரி என்றுவிட்டேன். வாடகைக்காக இல்லை. இங்கிலாந்தில் இருந்துவிட்டு வந்த ஒருத்தி என் அடுக்களையில் உட்காரப் போகிறாள், எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்ற ஆசைதான்.

அவள் வந்திறங்கிய நாளில் முன்னால் உள்ள கடையின் முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், வெளியே வந்து என்னைத் தனியே கூப்பிட்டார்.

"டீச்சர், வெள்ளக்காரப் புள்ள வருதுன்னு சொன்னீங்க?"

"அவங்கதான் நானா."

"சும்மா இருங்க. பார்த்தா மட்டக்களப்புப் புள்ள மாதிரி இருக்கு. நான் 'எந்த ஊரு மகள்'ன்டு கேட்டேன். வாயத் தொறந்தா இங்கிலீஷ் கொட்டுது."

அவள் நம்மைவிடக் கறுப்பு. சுருட்டை முடியை உச்சியில் ஒரு பந்து மாதிரி கட்டியிருப்பாள். என் மகளுக்கு அவளை முதல் பார்வையிலேயே பிடித்துப்போயிற்று. அமெரிக்கா அக்கா என்று சொல்லச் சொல்லிக் கொடுத்தோம். அவள் வாயில் அது 'மெரிக்காக்கா' ஆயிற்று. பிறகு வீட்டில் எல்லாருக்கும் அவள் மெரிக்காக்காதான். மகளிடம் தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில் பேசுவாள். என்னோடு ஆங்கிலத்தில்தான். அதை நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

மாலையில் தேத்தண்ணி குடிக்கும்போது எங்கள் வகுப்பு தொடங்கும். நான் கேட்பேன், அவள் சொல்வாள். குளிருக்கு எத்தனை சட்டை போட வேண்டும், துணியை எங்கே காயப்போடுவார்கள், தேங்காய் கிடைக்குமா. படிப்பைப் பற்றி நான் ஒரு கேள்வியும் கேட்டதாக நினைவில்லை.

"முகம் கழுவுவதுதான் கஷ்டம்" என்றாள் ஒருநாள். "இரண்டு குழாய் இருக்கும். ஒன்றில் கொதிக்கிற தண்ணீர், மற்றதில் உறையும் தண்ணீர். நடுவில் எதுவுமில்லை. கையை அங்கும் இங்கும் ஓட்ட வேண்டும்."

எங்கள் வீட்டில் ஒரே குழாய், ஒரே குளிர், அந்த விஷயத்தில் குழப்பமே இல்லை என்று சொன்னேன். அவள் ஏற்கெனவே அதில் குளித்துப் பார்த்திருந்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

குளியலறை விளக்குக்கு அங்கே சுவரில் சுவிட்ச் இருக்காதாம். கூரையிலிருந்து ஒரு கயிறு தொங்குமாம். போன புதிதில் ஒரு பொதுக் கழிப்பறையில் சிவப்புக் கயிறு ஒன்றைக் கண்டு, விளக்கு என்று நினைத்து இழுத்துவிட்டாள். அது ஆபத்தில் உதவிக்கு ஆள் கூப்பிடும் கயிறு. மணி அலறியது. ஆட்கள் ஓடிவந்து கதவைத் தட்டி, "மன்னிக்க வேண்டும், மன்னிக்க வேண்டும்" என்றார்களாம்.

"உதவிக்கு வந்தவங்க ஏன் மன்னிப்புக் கேட்டாங்க?"

"அங்கே அப்படித்தான். நான் அவர்கள் காலை மிதித்தாலும் அவர்கள்தான் மன்னிப்புக் கேட்பார்கள்."

என் கணவர் அடுத்த நாள் முழுவதும் அந்த விளையாட்டை விடவில்லை. நான் அவர் மேல் முட்டினால் மன்னிக்க வேண்டும், சோற்றில் கல் இருந்தால் மன்னிக்க வேண்டும். மகளும் சேர்ந்துகொண்டு, பூனையிடம் மன்னிப்புக் கேட்டாள்.

இன்னொன்றும் சொன்னாள். அங்கே யாரைக் கண்டாலும் "நலமா?" என்பார்களாம். அவள் ஊரில், முகம் வாடி இருந்தால்தான் அப்படிக் கேட்பார்கள். அதனால் முதல் வாரம் முழுக்கத் தன் முகத்துக்கு என்னவோ ஆகிவிட்டது என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு மனிதரிடம், நேற்றுச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாததையும் அதன் பின் நடந்ததையும் விளக்கமாகச் சொல்லியிருக்கிறாள். அவர் பஸ்ஸில் ஏறாமலே போய்விட்டாராம். கேள்வியைக் கேட்பவர்கள் பதிலை எதிர்பார்ப்பதில்லை, ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்று அங்கே கற்றுக்கொண்டாள்.

கற்றுக்கொண்டதை இங்கே கொண்டுவந்து போட்டதுதான் வினை. தோட்டத்தில் போகிற வருகிறவர்கள் எல்லாரும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். இவளுக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களில் சிரித்தபடி சொல்ல எளிதானது "இல்லை". சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருந்திருக்கிறாள். எங்கே நடக்க விடுவார்கள்? கையைப் பிடித்து உள்ளே இழுத்து, ஒரு வீட்டில் ரொட்டியும் சம்பலும், அடுத்த வீட்டில் சோறும் பருப்பும். வயிறு வீங்கி வீடு வந்து சேர்ந்தாள். இந்த ஊரார் தன்மேல் ஏன் இவ்வளவு அன்பாக இருக்கிறார்கள் என்று என்னைக் கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வருவதற்கு முன்னால் நானா வந்துவிட்டார். "டீச்சர், அந்தப் புள்ளைக்கு ஒங்க வூட்டுல சோறு போடுறதில்லையா? லயத்து வீடுக பூரா அதே பேச்சா இருக்கு."

நான் ஒரு வாரம் தலை நிமிரவில்லை. அவளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்ததோடு, பாத்திரம் வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு போகச் சொன்னேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

எங்கள் பக்கத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாய், பிள்ளைக்குத் தெரியாமல்தான் போவாள். பிள்ளைக்காம்பராவில் ஆயாம்மா ஒரு பொம்மையைக் காட்டுவார். பிள்ளை திரும்பும். தாய் ஜன்னலுக்குக் கீழே குனிந்து, ஓசைப்படாமல் பாதையில் இறங்கிவிடுவாள். பிள்ளை தாய் போவதைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் ஏங்கிப்போகும், காய்ச்சல் வரும் என்பார்கள். நானும் அப்படித்தான் செய்துவந்தேன். காலையில் கணவர் மகளை முன்பக்கம் தூக்கிப்போய்க் கடையில் தொங்கும் வாழைக்குலையைக் காட்டுவார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அடுக்களைக் கதவால் வெளியேறி, கோழிக்கூட்டைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு வருவேன். பிறகு அவர் மகளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வேலைக்குப் போவார். அழுகைச் சத்தம் கேட்டதே இல்லை. நல்லபடியாகச் செய்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

மெரிக்காக்காவுக்கு வேலை இல்லாத ஒரு நாள், அவள் என் மகளோடு வீட்டில் இருந்தாள். மாலையில் நான் வந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, அவள் உங்களைத் தேடுகிறாள். தெரியுமா?"

"அம்மாவத் தேடுறது இயல்புதானே?"

"இல்லை. வீட்டுக்குள்ளே தேடுகிறாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். அலுமாரியைத் திறந்தாள். கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்த்தாள். நீங்கள் போனதை அவள் பார்க்கவில்லையே. அதனால் நீங்கள் உள்ளேதான் எங்கேயோ இருக்கிறீர்கள் என்று நினைக்கிறாள்."

நான் அடுப்பைப் பற்றவைத்தேன். அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

இங்கிலாந்தில் அவள் ஒரு சிறுவர் பள்ளியில் உதவிக்குப் போவாளாம். அங்கே தாய்மார் வாசலில் முழங்காலிட்டு, "நான் போகிறேன், இன்ன நேரம் வருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்களாம்.

"பிள்ளைங்க அழாதா?"

"அழும். அப்புறம் விளையாடும்."

"அழ விட்டுட்டா போறது?"

"நீங்கள்தான் திரும்பி வருவீர்களே, அக்கா."

மறுநாள் நான் முன்வாசலால் போனேன். பள்ளிக்கூடம் விட்டதும் வருவேன் என்று மகளிடம் சொன்னேன். அவள் என் சாரியைப் பிடித்துக் கத்திய கத்தலில் நானா கடையிலிருந்து ஓடிவந்தார். சாரியில் குத்தியிருந்த ஊசி கழன்றது. அன்று முழுவதும் கொசுவத்தில் மூக்குச்சளி காய்ந்த தடத்தோடு பாடம் நடத்தினேன். அடுத்த நாள் அழுகை குறைந்தது. அதற்கடுத்த நாள் முன்னைவிட மோசம். கணவர் வாழைக்குலைக்கே திரும்பிவிடலாமா என்று கேட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அலுமாரிக் கதவைக் காணும்போதெல்லாம் மனம் மாறிவிடும்.

அப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் உதவித்தொகைக்காகக் கண்டியில் நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. போய் வர ஒரு முழு நாள். கணவருக்குத் தொழிற்சாலையில் விடுப்பு இல்லை, பிள்ளைக்காம்பராவும் அந்திவரை திறந்திருக்காது. மெரிக்காக்கா தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். விடிவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும். நன்றாகத் தூங்கும் பிள்ளையை எழுப்பி, போகிறேன் என்று சொல்லி அழவைக்கிற ஒரே தாய் இந்த மலையில் நானாகத்தான் இருப்பேன்.

"அம்மா கண்டிக்குப் போயிட்டு வாறேன். அந்திக்கு ரயில் வந்து கூவும்ல, அப்ப வந்துருவேன்."

"கூவினதுமா?"

"கூவினதும்."

அவள் அழவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு, "சரி, போ" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதுதான் என்னைக் கண்டிவரை அரித்தது. அழுதிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன்.

நேர்முகப் பரீட்சையில் என்ன கேட்டார்கள் என்பது பெரிதாக நினைவில்லை. உங்கள் குடும்பம் இதை எப்படிச் சமாளிக்கும் என்று ஒரு பெண்மணி கேட்டார். சமாளிக்கும் என்றேன். நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது. ரயிலுக்கு இன்னும் நேரம் கிடந்தது. காத்திருந்து அதில்தான் வருவதாக இருந்தேன். ஆனால் கால் நிற்கவில்லை. பிள்ளை அழுதுகொண்டிருந்தால்? சாப்பிடாமல் இருந்தால்? ரயில் வழக்கம்போல் பிந்தினால்? நுவரெலியா பஸ்ஸில் ஏறிவிட்டேன். இறம்பொடை வளைவுகளில் பக்கத்தில் இருந்த அம்மாளின் தேங்காய்ப் பை என் மடிக்கு வருவதும் அவர் மடிக்குப் போவதுமாக இருந்தது. அனுமார் கோயில் தெரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டேன். கிடைக்க வேண்டும் என்று வேண்டினேனா, கிடைக்கக் கூடாது என்றா என்று எனக்கே தெரியவில்லை. அனுமாரே எதையாவது பார்த்துச் செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

நுவரெலியாவில் வேன் பிடித்து, வீட்டுப் பாதையில் ஏறும்போது வெளிச்சம் நன்றாக இருந்தது. வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் இல்லை. கடைசி ஏற்றத்தை ஓடியே ஏறினேன். கதவைத் தள்ளினேன்.

என் மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கைவரை கோதுமை மா. மெரிக்காக்காவின் பந்து முடியிலும் மா. தட்டில் மூன்று மூலை, ஐந்து மூலை என்று பல வடிவங்களில் ரொட்டி. ஒரு கோப்பையைக் கவிழ்த்து, பக்கத்தில் ஒரு துண்டு சக்கரையும் வைத்திருந்தார்கள். பால் கலக்காத சாயத் தேத்தண்ணியை நான் அதைக் கடித்துக்கொண்டு குடிப்பது வழக்கம். எனக்காகத்தான்.

மகள் நிமிர்ந்தாள். நான் கைகளை விரித்தேன்.

"ஏம்மா இம்புட்டு வெள்ளன வந்துட்ட?"

அவள் முகம் அப்படியே உடைந்தது. "இன்னும் ரயில் கூவலயே! கூவினப்புறம்தானே வாறேன்னு சொன்ன! ரொட்டி சுடவேயில்ல!" காலையில் வராத அழுகை முழுவதும் இப்போது வந்தது. மெரிக்காக்கா வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது.

"சரிடா, அம்மா..."

"வெளிய போ! ரயில் கூவினப்புறம் வா!"

போனேன். வேறு என்ன செய்வது? கண்டிக்குக் கட்டிக்கொண்டு போன நல்ல சாரியோடு என் வீட்டுப் படியில் உட்கார்ந்தேன். உள்ளே உடனே அழுகை நின்று, மா பிசைகிற தடபுடல் தொடங்கிவிட்டது.

நானா எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சர், வூட்டால தொரத்திட்டாங்களா?"

"ரயில் வந்தாத்தான் உள்ள விடுவாங்களாம் நானா."

"அப்ப வெளங்கிரும். இன்டைக்கு ரயில் லேட்டுன்டு சொன்னாங்க." உள்ளே போய் ஒரு கோப்பை பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தார். "குடிங்க. நேரம் இருக்கு."

பனி இறங்கத் தொடங்கியபோது கணவர் வேலை முடிந்து வந்தார். "என்ன, சாவிய மறந்துட்டியா?" நடந்ததைச் சொன்னேன். அவர் பாதையிலேயே நின்று சிரித்தார். பிறகு உள்ளே போகப் பார்த்தார். "அப்பாவும் ரயிலுக்குத்தான்!" என்று உள்ளேயிருந்து உத்தரவு வந்தது. அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து விரித்து என் தலையில் போட்டார், பனிக்கு.

"எப்படி நடந்துச்சு?"

"நல்லாத்தான். கெடச்சுரும் போல இருக்கு."

"அப்ப நல்லது."

"நல்லதா?"

"நீ இல்லாமயும் ரொட்டி சுடுறாளே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ வருவன்னு தெரிஞ்சதாலதானே சுடுறா" என்றும் சொன்னார்.

உள்ளே அவர்கள் இரண்டு பேரும் ஏதோ பாடிச் சிரித்தார்கள். நான் இல்லாத ஒரு வீட்டின் சத்தம் போல இருந்தது. கஷ்டமாக இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் எழுந்து போக மனமில்லை. அப்படி ஒரு நல்ல மாலை எனக்கு வாய்த்து நெடுநாளாகியிருந்தது.

கடைசியில் கீழே ரயில் கூவியது. கதவு திறந்தது. "அம்மா வந்துட்டாங்க!" என்று இப்போதுதான் என்னைப் பார்ப்பவள் போலத் துள்ளி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். சாரி முழுவதும் மா. ஐந்து மூலை ரொட்டி கருகியிருந்தது. முழுவதையும் தின்றேன்.

மெரிக்காக்கா அடுத்த மாதம் போய்விட்டாள். நிலையத்தில் மகளின் முன் முழங்காலிட்டு, "நான் போய் வருகிறேன். எப்போது வருவேன் என்று எனக்குத் தெரியாது" என்று தன் தமிழில் மெல்லச் சொன்னாள். மகள் அழுதாள். பிறகு பிளாட்பாரத்தில் ஒரு நாயைப் பார்த்துவிட்டாள். அதன்பிறகும் அழுதுகொண்டே இருந்தவர்கள் மெரிக்காக்காவும் நானும்தான்.

உதவித்தொகை கிடைத்துவிட்டது. இந்த மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். கணவர் போ என்கிறார். நானும் அநேகமாகச் சரி என்றுதான் சொல்லப் போகிறேன். ஆனால் அந்தி ரயிலை மகளுக்குச் சொன்னேன், அவளுக்குப் புரிந்தது. ஒரு வருடத்தை எதைக் காட்டிச் சொல்வது? அது தெரியாமல் கையெழுத்துப் போட என்னால் முடியவில்லை.

நம் பக்கத்தில் எத்தனையோ தாய்மார் வீட்டு வேலைக்கு வெளிநாடு போய், வருடங்கள் கழித்து வந்திருக்கிறீர்கள். அப்போது வீட்டில் விட்டுப்போன உங்கள் பிள்ளைகள் இப்போது வளர்ந்து இதைப் படிக்கவும் கூடும். தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். நாலு வயதுப் பிள்ளையிடம் என்ன அடையாளம் சொல்லிவிட்டுப் போனீர்கள்? கொய்யா காய்க்கிற காலம் என்றா, தீபாவளி என்றா? தினமும் போனில் முகம் காட்டினால் நல்லதா, இல்லை அதுவும் அலுமாரிக்குள் தேடுவது போல ஆகிவிடுமா? வீட்டில் இருந்த பிள்ளைகளே, உங்களுக்கு எது உதவியது, எதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்? ஏன் அன்று அவ்வளவு வெள்ளன வந்தேன் என்பதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று யாருக்காவது தெரிந்தால், அதையும் எழுதுங்கள். மாத முடிவுக்குள் வந்தால் உதவியாக இருக்கும்.